தில்லிக் குளிருக்குக் கேசரோல்: ஓவன் பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தில்லியில் ஐப்பசி பாதி கடந்துவிட்டால் தோசை சாப்பிடுவது ஒரு பந்தயம். கல்லிலிருந்து தட்டுக்கு வருவதற்குள் ஓரம் விறைத்துப்போகிறது. அதைவிட அநியாயம், வீட்டில் நாலு பேர் இருந்தால் மூன்று பேர் உட்கார்ந்து சாப்பிட, ஒருவர் மட்டும் கடைசி வரை அடுப்படியில் நின்றுகொண்டிருப்பது. சப்பாத்திக்கும் இதே கதைதான். அந்த ஒருவர் சாப்பிட உட்காரும்போது கூட்டு ஆறி, தாளித்த நெய் மேலே வெள்ளையாக உறைந்திருக்கும்.

கேசரோல் இந்தப் பிரச்சினைக்கு நல்ல பதில். காய், கிழங்கு, சாஸ் எல்லாவற்றையும் ஆழமான ஒரே பாத்திரத்தில் அடுக்கி, ஓவனில் வேகவைத்து, பாத்திரத்தோடு மேசைக்குக் கொண்டுவந்து வைப்பதுதான் கேசரோல். கனமான பாத்திரமும் கெட்டியான சாஸும் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பேசிக்கொண்டே சாப்பிட்டு இரண்டாவது முறை பரிமாறும்போதும் நடுப்பகுதியிலிருந்து ஆவி வரும். சமைத்தவரும் கூடவே உட்காரலாம். எனக்கு இதுதான் கேசரோலின் முதல் சிறப்பு. ருசி அதற்கு அடுத்ததுதான்.

ஆர்.கே. புரத்திலோ மயூர் விஹாரிலோ முனிர்காவின் ஒற்றை அறையிலோ புதிதாகக் குடிவந்து, ஓவனைப் பார்த்தால் தயங்குபவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஓவன் இல்லாதவர்களுக்கும் பின்னால் ஒரு வழி சொல்லியிருக்கிறேன்.

வாங்குவதற்கு முன்

ஓ.டி.ஜி. எனப்படும் சிறிய மேசை ஓவன் போதும். நாலு பேர் குடும்பத்துக்கு 25 லிட்டருக்குக் குறையாமல் பாருங்கள். லிட்டர் கணக்கை மட்டும் நம்பி வாங்காதீர்கள். கடையிலேயே உள் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். இரண்டு லிட்டர் கண்ணாடிப் பாத்திரம் உள்ளே நுழையும்போல் தெரியும், ஆனால் அதன் இருபக்கக் கைப்பிடிகள் கதவில் இடிக்கும். பாத்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளியாவது இருந்தால்தான் சூடு சுற்றி வரும்.

மின்சாரத்தையும் கவனிக்க வேண்டும். 1500 வாட் ஓவன் கிட்டத்தட்ட ஆறரை ஆம்பியர் இழுக்கும். மிக்ஸி சொருகும் சின்ன 6 ஆம்பியர் சாக்கெட் அதற்குப் போதாது. கெய்சருக்கும் ஏ.சி.க்கும் இருப்பதுபோல 16 ஆம்பியர் பெரிய சாக்கெட்டில்தான் சொருக வேண்டும். நீட்டிப்புப் பெட்டியில் சொருகவே வேண்டாம். குளிர்காலத் தில்லி வீட்டில் ஒரு பக்கம் கெய்சர், இன்னொரு பக்கம் ரூம் ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் 2000 வாட் அளவில் இழுக்கும். பழைய அரசு குவார்ட்டர்ஸிலும் பர்சாத்தி எனப்படும் மொட்டைமாடி அறைகளிலும் மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்ச் விழுந்துவிடும். ஓவன் ஓடும் முக்கால் மணி நேரம் ஹீட்டரை அணைத்துவிடுங்கள். சமையலறையும் அதையொட்டிய அறையும் ஓவன் சூட்டிலேயே கொஞ்சம் கதகதப்பாகிவிடும்.

பாத்திரத்துக்கு வருவோம். ஓவனுக்கு ஏற்றது என்று அடியில் பொறித்த கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரம், ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் கொள்ளளவில் வாங்குங்கள். சப்பாத்தி வைக்கும் ஹாட் பாக்ஸையும் நம் ஊரில் கேசரோல் என்றே விற்கிறார்கள். அதை ஓவனுக்குள் வைத்தால் பிளாஸ்டிக் உருகி ஓவனே பாழாகும். வெளிநாடுகளில் இந்தச் சமையல் வீட்டுக்கு வீடு பரவியதில் கண்ணாடிப் பாத்திரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் 1915இல் பைரெக்ஸ் என்ற பெயரில் ஓவன் கண்ணாடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சமைத்த பாத்திரத்தையே மேசையில் அழகாக வைக்க முடிந்ததும், உள்ளே வேகிறதா என்று பக்கவாட்டிலிருந்து பார்க்க முடிந்ததும் அதன் வசதிகள். அந்த இரண்டாவது வசதி புதிதாகத் தொடங்குபவருக்கு மிகவும் உதவும். அதனால் முதல் பாத்திரம் கண்ணாடியாகவே இருக்கட்டும்.

கண்ணாடிக்கு ஆகாதது திடீர் சூட்டு மாற்றம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாத்திரத்தை நேராகச் சூடான ஓவனில் வைக்காதீர்கள். வெந்து வந்ததைக் குளிர்ந்த கடப்பாக் கல் மேடையிலோ ஈரத் துணியிலோ வைக்காதீர்கள். ஜனவரி இரவில் அந்தக் கல் மேடை ஐஸ்போலச் சில்லிட்டிருக்கும். காய்ந்த துண்டை நான்காக மடித்தோ மரப்பலகை போட்டோ அதன்மேல் வையுங்கள். எரியும் அடுப்பில் கண்ணாடியை ஒருபோதும் வைக்க வேண்டாம்.

தண்ணீரை அடக்கினால் பாதி வேலை முடிந்தது

எந்தக் கேசரோலாக இருந்தாலும் அதில் நாலு பங்கு உண்டு: வயிற்றை நிரப்பும் கிழங்கு, சோறு அல்லது பாஸ்தா. ருசிக்குக் காயோ கறியோ. இரண்டையும் பிடித்து வைக்கும் சாஸ். மேலே மொறுமொறுப்புக்கு ஒரு போர்வை. இந்த நாலும் இருந்தால் சமையல் குறிப்பு இல்லாமலே வீட்டில் இருப்பதை வைத்துச் செய்துவிடலாம்.

கேசரோல் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான், தண்ணீர். அடுப்பில் திறந்த வாணலியில் காய் வதங்கும்போது விடுகிற நீர் ஆவியாகிப் போய்விடும். ஆழமான பாத்திரத்துக்குள், சாஸுக்கு அடியில் இருக்கும் காய் விடுகிற நீர் எங்கும் போக முடியாது. அது சாஸை நீர்க்கவைத்து அடியில் குளமாக நிற்கும். கரண்டியை விட்டால் சூப்பாக வரும். ஆகவே காயின் நீரை ஓவனுக்கு வெளியிலேயே போக்கிவிட வேண்டும்.

காளானைப் பெரிய வாணலியில், உப்புப் போடாமல், மூடாமல், அது விடும் நீர் முழுக்க வற்றி விளிம்பு பழுப்பாகும்வரை வதக்குங்கள். ஒரு பாக்கெட் காளான் ஒரு கைப்பிடியாகச் சுருங்கும். ஏமாற்றமாக இருக்கும், ஆனால் ருசி அந்தக் கைப்பிடியில்தான் இருக்கிறது. காலிஃபிளவரைக் கொதிநீரில் மூன்று நிமிடம் போட்டு எடுத்து, வடிதட்டில் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். கீரை, வெந்தயக்கீரை என்றால் வதக்கி, ஆறியதும் கையால் பிழிந்துவிட வேண்டும். சுரைக்காய், பூசணிக்காய் இரண்டும் முதல் முயற்சிக்கு வேண்டாம்.

குளிர்காலத்தில் காய் வாங்குவதில் தில்லி நம் ஊர்களைவிடக் கொடுத்துவைத்தது. நவம்பரிலிருந்து தள்ளுவண்டிகளில் காலிஃபிளவர், பட்டாணி, வெந்தயக்கீரை, சல்கம் (டர்னிப் கிழங்கு) எனக் குவிந்துவிடும். சிவப்புக் கேரட்டும் வந்துவிடும். பட்டன் காளானும் குளிரில் மலிவு. பக்கத்து ஹரியானாவின் சோனிபட் பகுதியில் குளிர்காலத்தை நம்பிக் குடிசைகளில் காளான் வளர்க்கிறார்கள். பட்டாணி உரிக்க அலுப்பாக இருந்தால் சஃபல் காய்கறி பூத்தில் உறையவைத்த பட்டாணி கிடைக்கும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உருளைக்கிழங்கில் மட்டும் கவனம் வேண்டும். தோல் கையால் தேய்த்தாலே உரிந்துவரும் புதுக் கிழங்கில் நீர் அதிகம், மசிக்கும்போது பசைபோல இழுக்கும். துண்டாக அடுக்கும் கேசரோலுக்குப் புதுக் கிழங்கும், மசியலுக்குப் பழைய கிழங்கும் பொருந்தும்.

வெள்ளை சாஸ்

இதைக் கற்றுக்கொண்டால் மற்றதெல்லாம் அடுக்கும் வேலைதான். அமெரிக்கர்கள் நன்றி தெரிவிக்கும் நாளில் செய்யும் புகழ்பெற்ற பீன்ஸ் கேசரோல் 1955இல் கேம்ப்பெல் சூப் நிறுவனத்தின் சோதனைச் சமையலறையில் பிறந்தது. டார்கஸ் ரெய்லி என்ற பெண்மணியின் குழு உருவாக்கியது. பீன்ஸ், பால், சோயா சாஸ், பொரித்த வெங்காயம் இவற்றோடு ஒரு டப்பா காளான் சூப். அந்த டப்பா சூப் செய்த வேலையைத்தான் இங்கே வெள்ளை சாஸ் செய்கிறது. டப்பாவைத் தேடி அலைய வேண்டாம். வீட்டில் செய்வது பத்து நிமிட வேலை, உப்பும் நம் கையில்.

நாலு பேருக்கு: வெண்ணெய் 40 கிராம், மைதா 40 கிராம் (தலைதட்டி ஐந்து மேசைக்கரண்டி), பால் 600 மில்லி. அடி கனமான வாணலியில் குறைந்த தீயில் வெண்ணெயை உருக்குங்கள். மைதாவைக் கொட்டி மரக்கரண்டியால் இரண்டு நிமிடம் கிளறுங்கள். பச்சை வாசனை போய், பிஸ்கட் வாசனை வரும். நிறம் மாறக் கூடாது. இந்த இடத்தில்தான் மாவின் ஒவ்வொரு துகளும் தனித்தனியாக வெண்ணெய் பூசிக்கொள்கிறது. அப்படிப் பூசிக்கொண்டால் பாலில் ஒன்றோடொன்று ஒட்டாது, கட்டி விழாது.

அடுப்பை அணைத்துவிட்டு முதலில் ஒரு சின்னக் கரண்டிப் பாலை மட்டும் ஊற்றிக் கிளறுங்கள். மொத்தமும் பந்துபோலத் திரளும். பயப்படாதீர்கள். இன்னொரு கரண்டி, இன்னொன்று எனக் கூழாகும்வரை போய், பிறகு மீதியைத் தாராளமாக ஊற்றலாம். மறுபடி அடுப்பை மூட்டி, மிதமான தீயில் கைவிடாமல் கிளறுங்கள். மாவுச்சத்து சூடேறி நீரை உறிஞ்சி ஊதுவதால்தான் சாஸ் கெட்டியாகிறது. அதனால் கொதிநிலையை நெருங்கும்வரை ஒன்றும் நடக்காததுபோலத் தோன்றும். பிறகு சட்டென்று இறுகும். கொதி வந்ததும் சிறுதீயில் மூன்று நான்கு நிமிடம் வையுங்கள். கரண்டியின் பின்புறத்தில் விரலால் கோடு போட்டால் கோடு அழியாமல் நிற்க வேண்டும். அதுவே பதம். கட்டி விழுந்துவிட்டால் கையால் அடிக்கும் விஸ்க்கால் அடியுங்கள். அப்படியும் போகவில்லையென்றால் வடிகட்டினால் தீர்ந்தது.

உப்பு, புதிதாகப் பொடித்த மிளகு அரைத் தேக்கரண்டிக்குக் கூடவே, ஜாதிக்காய் ஒரே ஒரு துருவல். சீஸ் சேர்ப்பதாக இருந்தால் அடுப்பை அணைத்த பிறகு. உள்ளே கலக்கப் பதப்படுத்திய சாதாரண கியூப் சீஸ் நல்லது. அதில் சேர்க்கும் உப்புகள் கொழுப்பு பிரியாமல் பார்த்துக்கொள்வதால் சாஸோடு வழவழப்பாகக் கலக்கும். மேலே தூவ மொசரெல்லா. அதுதான் இழையாகி, புள்ளி புள்ளியாகப் பழுக்கும்.

மைதா வேண்டாம் என்றால் கோதுமை மாவில் செய்யலாம். நிறம் மங்கலாகும், ருசி நன்றாகவே இருக்கும்.

முதல் கேசரோல்: உருளை, காளான், பட்டாணி

அரை கிலோ உருளைக்கிழங்கைத் தோல் சீவி, கால் அங்குல வட்டங்களாக நறுக்கி, உப்புப் போட்ட கொதிநீரில் ஆறேழு நிமிடம் வேகவையுங்கள். கத்தி நுனி இறங்க வேண்டும், வட்டம் உடையக் கூடாது. குக்கரில் விசில் விட்டால் குழைந்துவிடும். வடித்து ஆவி போகப் பரப்பி வையுங்கள்.

இரண்டு வெங்காயத்தை நீளமாக நறுக்கி, ஒரு கரண்டி எண்ணெயில் பொன்னிறமாக வதக்குங்கள். நாலு பல் பூண்டு, இரண்டு பச்சை மிளகாய் பொடியாக நறுக்கிச் சேருங்கள். தனியாக வதக்கிய 200 கிராம் காளான், கால் கிலோ காலிஃபிளவர் பூக்கள், ஒரு கப் பட்டாணி எல்லாவற்றையும் இதோடு கலந்து, இப்போது உப்புப் போட்டு, கொஞ்சம் கசூரி மேத்தியை (உலர்ந்த வெந்தயக்கீரை) கசக்கிப் போடுங்கள். கார்த்திகை, ஏகாதசி என்று வெங்காயம் பூண்டு சேர்க்காத நாளானால் அவற்றை விட்டுவிட்டு வெண்ணெயில் சீரகமும் பெருங்காயமும் தாளித்துக்கொள்ளலாம். ருசி வேறாக இருக்கும், குறைவாக இருக்காது.

ஓவனை 180 டிகிரி செல்சியஸில், மேல் கீழ் இரண்டு கம்பிகளும் எரியும்படி, பத்து நிமிடம் முன்கூட்டியே சூடாக்குங்கள். அதற்குள் அடுக்கிவிடலாம். பாத்திரத்தின் உள்ளே வெண்ணெய் தடவி, அடியில் இரண்டு கரண்டி சாஸ். அதன்மேல் கிழங்கு வட்டங்களில் பாதி, ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறினாற்போல். காய்க் கலவை முழுவதும். பாதி சாஸ். மீதிக் கிழங்கு. மீதி சாஸ். மேல்விளிம்புக்கு ஒரு விரல் கீழேயே நிறுத்துங்கள். கொதிக்கும்போது பொங்கும்.

போர்வைக்கு, பழைய பிரெட் இரண்டு துண்டை மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு கரண்டி உருக்கிய வெண்ணெயில் பிசிறுங்கள். மோர் மிளகாய் இரண்டைக் கருகப் பொரித்து நொறுக்கி இந்தப் பிரெட் தூளில் கலந்து பாருங்கள். பாலும் வெண்ணெயும் சேர்ந்த மந்தத்தை அந்த உப்பும் காரமும் உடைத்துவிடும். ஊரிலிருந்து வரும் பார்சலில் மோர் மிளகாய் இருக்கவே இருக்கிறது. தூளைப் பரப்பி, மேலே 60 கிராம் துருவிய சீஸ்.

ஓவனின் நடுத்தட்டில் வைத்து 30 நிமிடம். அடியில் ஒரு தட்டு வைத்தால் பொங்கி வழிவது கம்பியில் விழாது. ஓ.டி.ஜி. காட்டும் டிகிரியை அப்படியே நம்ப வேண்டாம், ஓவனுக்கு ஓவன் மாறும். கண்ணாடி வழியே பாருங்கள். ஓரத்தில் மட்டும் குமிழி வந்தால் போதாது, நடுவிலும் சோம்பலாகக் குமிழி எழும்ப வேண்டும். மேல்பக்கம் வெளிறியே இருந்தால் கடைசி நாலைந்து நிமிடம் மேல்கம்பியை மட்டும் எரியவிடுங்கள். அந்த நேரத்தில் செல்போனை எடுக்காதீர்கள். பொன்னிறத்துக்கும் கரிக்கும் நடுவே ஒரு நிமிடம்தான். மாறாக உள்ளே கொதிக்கும் முன்பே மேலே சிவந்துவிட்டால் ஃபாயிலைத் தளர்வாகப் போர்த்துங்கள்.

வெளியே எடுத்ததும் பத்து நிமிடம் தொடாமல் விடுங்கள். ஆறினால் சாஸ் இன்னும் கொஞ்சம் இறுகி, வெட்டினால் துண்டாக வரும். உடனே கரண்டியை விட்டால் நாக்கும் சுடும், அடுக்கும் சரியும்.

கொத்துக்கறிக் கேசரோல்

இங்கிலாந்தில் ஆட்டுக்கறிக் கொத்தின் மேல் உருளை மசியலைப் போர்த்திச் சுடுவதை ஷெப்பர்ட்ஸ் பை என்பார்கள். வெள்ளை சாஸ் தேவையில்லை என்பதால் அசைவம் சாப்பிடுபவர்கள் இதிலிருந்தேகூடத் தொடங்கலாம். கடையில் கீமா என்று கேளுங்கள். 400 கிராம் வாங்கி, சோம்பு தாளித்து, வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, ஒரு தக்காளி, மல்லித்தூள், மிளகு, கொஞ்சம் கரம் மசாலா என வழக்கமான கொத்துக்கறியாகவே சமையுங்கள். வேறுபாடு ஒன்றுதான். நீர் சுண்டும் நேரத்தில் ஒரு தேக்கரண்டி மாவைத் தூவிக் கிளறி, அரை கப் வெந்நீர் விட்டுக் கெட்டிக் குழம்பாக இறக்க வேண்டும். சுக்காவாக வறண்டுபோனால் மசியலோடு ஒட்டாது.

பழைய உருளைக்கிழங்கு 600 கிராமைக் குழைய வேகவைத்து, சூடாக இருக்கும்போதே 40 கிராம் வெண்ணெய், கால் கப் சூடான பால் விட்டு மசியுங்கள். மிக்ஸியில் போட்டால் கோந்தாகிவிடும், கையால் அல்லது மத்தால்தான். கறியைப் பாத்திரத்தில் பரப்பிக் கொஞ்சம் ஆறவிட்டு, மசியலை ஓரத்திலிருந்து நடுநோக்கிப் பூசி, விளிம்பை அடைத்துவிடுங்கள். முள்கரண்டியால் மேலே வரப்பு வரப்பாகக் கோடு போடுங்கள். அந்த மேடுகள்தான் சிவந்து மொறுமொறுப்பாகும். 200 டிகிரியில் 25 நிமிடம். சைவத்தில் கறிக்குப் பதில் வேகவைத்த ராஜ்மாவையோ சோயா கிரானியூல்ஸையோ போடலாம். எனக்கு ராஜ்மா பிடிக்கும். சோயாவை அரை மணி ஊறவைத்துப் பிழியாமல் போட்டால் தண்ணீர்ப் பிரச்சினை திரும்ப வந்துவிடும்.

அரிசியிலும் செய்யலாம். ஒரு கப் பாஸ்மதியை இருபது நிமிடம் ஊறவைத்து வடித்து, வதக்கிய காய்களோடு கலந்து, ஒன்றேமுக்கால் கப் கொதிக்கும் உப்புநீரை ஊற்றி, ஃபாயிலால் இறுக மூடி 190 டிகிரியில் அரை மணி. பச்சைத் தண்ணீர் ஊற்றினால் நேரம் இழுத்துக்கொண்டே போகும்.

ஓவன் இல்லாத அறையில்

கண்ணாடியை மறந்துவிட்டு, அடி கனமான, இறுக்கமான மூடி உள்ள அலுமினிய அல்லது ஸ்டீல் பாத்திரத்தை எடுங்கள். அதே அடுக்கு, அதே சாஸ். இரும்புத் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துச் சூடாக்கி, அதன்மேல் பாத்திரத்தை வைத்து மூடி, மிகச் சிறுதீயில் 25 நிமிடம். தீ நேரடியாகப் படாததால் அடி பிடிக்காது. மூடியின் உள்ளே முத்து முத்தாகக் கோத்து நிற்கும் ஆவி உள்ளே சொட்டினால் போர்வை நமத்துப்போகும். அதனால் பிரெட் தூளைத் தனி வாணலியில் வெண்ணெயில் மொறுமொறுவென வறுத்து, பரிமாறும்போது தூவுங்கள். சீஸை மட்டும் கடைசி ஐந்து நிமிடத்தில் போட்டு மூடினால் உருகிவிடும். சிவக்காது, அவ்வளவுதான் நஷ்டம்.

கன்வெக்ஷன் வசதி உள்ள மைக்ரோவேவ் இருந்தால் அந்த முறையில் 180 டிகிரி வைத்து ஓவன்போலவே பயன்படுத்தலாம். வெறும் மைக்ரோவேவ் முறை சூடாக்கும், மேற்புறம் சிவக்காது. அதில் ஃபாயில், ஸ்டீல் எதுவும் கூடாது.

நவம்பர் வந்தால் புகைமூட்டத்துக்குப் பயந்து தில்லியில் எல்லோரும் ஜன்னலை அடைத்துக்கொள்கிறோம். கேஸ் அடுப்பு அரை மணிக்கு மேல் எரியும்போது எக்ஸாஸ்ட் விசிறி ஓட வேண்டும். அது இல்லாவிட்டால் ஜன்னலை ஒரு சாண் திறந்தே வையுங்கள். மூடிய சின்ன அறையில் ஆக்சிஜன் குறைந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது.

கூட என்ன, மிச்சத்துக்கு என்ன

சப்பென்று இருக்கிறதே என்பதுதான் நம் வீடுகளில் முதல் விமர்சனமாக வரும். உடனே சாஸில் சாம்பார்ப்பொடியைக் கொட்டத் தோன்றும். வேண்டாம். பாலில் வேகாத மல்லியும் பருப்பும் பச்சையாகவே வாசம் அடிக்கும். காரத்தைக் காயில் வையுங்கள், மேலே தூவும் தூளில் வையுங்கள், இல்லையென்றால் பக்கத்தில் வையுங்கள். மிளகு ரசம் ஒரு டம்ளர் குடித்துக்கொண்டே சாப்பிட்டால் அபாரமாக இருக்கும். அதைவிட ஒரு படி மேலே தில்லியின் குளிர்கால ஊறுகாய். கேரட், காலிஃபிளவர், சல்கம் மூன்றையும் கடுகும் வினிகரும் வெல்லமும் போட்டு ஊறவைக்கும் பஞ்சாபி வீட்டுச் சரக்கு. பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒரு பாட்டில் கொடுத்தால் கேசரோலில் ஒரு துண்டு திருப்பிக் கொடுங்கள். இந்த ஊரில் பழக்கம் வளர்வதே அப்படித்தான்.

அலுவலகம் போகிறவர்கள் முந்தின இரவே அடுக்கி, சாஸ் நன்றாக ஆறியதும் மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். பிரெட் தூளை மட்டும் அப்போது போடாதீர்கள், ஊறிவிடும். மறுநாள் மாலை வீட்டுக்கு வந்ததும் பாத்திரத்தை வெளியே எடுத்து அரை மணி குளிர் விடவைத்து, தூளும் சீஸும் தூவி ஓவனில் வையுங்கள். முதலில் சொன்ன நேரத்தோடு பத்துப் பதினைந்து நிமிடம் கூடுதலாகும்.

மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே குளிர்தானே என்று இரவெல்லாம் மேடையில் விடக் கூடாது. கனமான பாத்திரம் மெதுவாக ஆறுவதால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும், கிருமிக்கு அது போதும். சோறு சேர்ந்த கேசரோலில் இன்னும் கண்டிப்பு வேண்டும். ஆழம் குறைந்த டப்பாக்களில் பிரித்து வைத்தால் சீக்கிரம் ஆறும், காலையில் ஆபீஸ் டிபனுக்கும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். சூடாக்கும்போது சாஸ் இறுகியிருக்கும். ஒரு கரண்டிப் பால் தெளித்து, மூடி, நடுவிலும் ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள். உருளை கேசரோல் மிஞ்சினால் சூடாக்கவே வேண்டாம், இரண்டு பிரெட் துண்டுக்கு நடுவே வைத்து சாண்ட்விச் டோஸ்டரில் அழுத்துங்கள்.

பாத்திர ஓரத்தில் தீய்ந்து ஒட்டியதைக் கத்தியால் சுரண்டினால் கண்ணாடியில் கீறல் விழும். ஒரு கரண்டி சமையல் சோடாவைப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பி இரவு வைத்துவிட்டால், காலையில் தேங்காய் நாருக்கே வந்துவிடும்.